கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

புக்கிட் ரோத்தான் கடைத்தெருவில் மூடிக் கிடக்கும் சோபாக் கடைதான் சிம்பாங் குழுவுக்கு நடனப் பள்ளி. கடைக்காரர் சரக்கையெல்லாம் லோரியில் ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்குப் போனபோது, உள்ளே யாரும் எட்டிப் பார்க்கக் கூடாதென்று முன்பக்கக் கண்ணாடி முழுக்க உள்ளிருந்து கறுப்புத் தாள் ஒட்டிவிட்டுப் போனார். அவரை அறியாமலே அது கடையின் அகலத்துக்கு ஒரு நிலைக்கண்ணாடி ஆகிவிட்டது. அதன் முன்னால் கூரை போட்ட அஞ்சடி நடைபாதை. அதையும் தாண்டினால் மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடம். வேலை விட்டு வருபவர்களும் பள்ளி முடித்துச் சும்மா இருப்பவர்களுமாகச் சாயங்காலத்தில் அங்கே கூடித் தெரு நடனம் பழகினார்கள்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது பாட்டை நிறுத்திவிடுவார்கள். ஆட்டத்தை நிறுத்துவதில்லை. ஒருவர் தொடையில் மெதுவாகத் தட்டிக் கணக்குப் போட, மற்றவர்கள் சத்தமில்லாமல் ஆடுவார்கள். பாட்டு ஓடும்போது மறைந்துவிடுகிற தவறெல்லாம் அப்போது பல்லைக் காட்டும். அதனால் புதிதாகச் சேர வருகிறவரை அந்த நேரத்தில்தான் ஆடச் சொல்லிப் பார்ப்பது வழக்கம்.

குழுவைத் தொடங்கியவர்கள் முகுந்தனும் கண்மணியும். கல்லூரியில் ஒன்றாகப் படித்தார்கள், ஒன்றாக ஆடினார்கள், பிறகு கல்யாணமும் செய்துகொண்டார்கள். முகுந்தனுக்குப் புஞ்சாக் ஆலாமில் ஓர் அலுவலகத்தில் கணினி வேலை. ஆட்டத்தில் அவன் நடுவில் நிற்பான், அவனுக்கு வலப்பக்கம் கண்மணி நிற்பாள். எந்த மேடையானாலும் அப்படித்தான்.

பக்கத்தில் நின்று ஆடுகிறவளைத் திரும்பிப் பார்க்க முடியாது. திரும்பினால் கணக்கு தவறும். அவளைப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். அவன் அப்படியே பார்த்துப் பழகிவிட்டான். மேடையிலோ கண்ணாடி கிடையாது. வீட்டில் அவள் ஆடியதே இல்லை. வேலை முடிந்து, பயிற்சி முடிந்து வந்தால் காலை நாற்காலியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, "யாராச்சும் ஆடச் சொன்னா கொன்னுடுவேன்" என்பாள்.

மாசி மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். கொசுவால் வரும் டிங்கி என்று தெரிந்தபோது இரத்த அணுக்கள் குறைந்துபோயிருந்தன. அந்த வாரத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

கருமாதி ஆன மறுநாள் முகுந்தன் பயிற்சிக்கு வந்தான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பாட்டைப் போட்டார்கள், ஆடினார்கள். அவனுக்கு வலப்பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. அடுத்த நாளும் காலியாக இருந்தது. அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. அந்த இடத்துத் தரைக்கல்லில் யாரும் பையைக்கூட வைப்பதில்லை.

அப்படியே ஓட்டையோடு மாவட்டப் போட்டியில் ஆடினார்கள். முடிந்ததும் நடுவர்களில் ஒரு பெண்மணி மலாயில் கேட்டார், வலப்பக்கம் ஏன் அப்படி வெறுமையாக இருக்கிறது என்று. மேடையில் ஆறு பேரும் நின்றார்கள். கடைசியில் விமலன்தான் வாயைத் திறந்தான். "ஆள் வரல, மேடம்."

மாநில இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகிவிட்டார்கள். ஷா ஆலாமில் நடக்கும், அதற்குள் அந்த இடத்தை அடைக்கச் சொன்னார் அந்த அம்மாள். எஸ்டேட்டுப் பிள்ளைகள் குழு எதுவும் அதுவரைக்கும் போனதில்லை. குழுவில் தீபன் என்று ஒரு பையன். வீடு வந்ததும் முகுந்தனிடம், "அண்ணே, நாம நெஜமாவே போறோமா" என்று மட்டும் கேட்டான்.

முகுந்தன் ஒரு வாரம் கழித்து, "சரி, ஆள் பாருங்க" என்றான்.

விமலன் ஐஸ் லோரி ஓட்டுகிறவன். வாய் நிற்காது. அவன்தான் தன் சித்தப்பா மகள் தனேஸ்வரியை அழைத்துவந்தான். பதினெட்டு வயது. பள்ளியில் ஆடியிருக்கிறாள். பேசும்போது குரல் அடிவயிற்றிலேயே நின்றுவிடும்.

"இதுதான் அண்ணே. வீட்டுல பேசாது, ஆடுனா மட்டும் பேய் புடிச்ச மாதிரி ஆடும்."

"எப்படிக் கத்துக்கிட்ட?" என்று முகுந்தன் கேட்டான்.

"அக்கா வீடியோ பார்த்துண்ணே. விமலன் அண்ணன் அனுப்புனாரு."

கண்மணி தன் பகுதியை மறந்துவிடாமல் இருக்க ஒருநாள் கைத்தொலைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்து, அதன் எதிரே தனியாக ஆடிப் பதிந்திருந்தாள். அது குழுவின் வாட்ஸ்அப்பில் கிடந்தது. முகுந்தன் மாசிக்குப் பிறகு அதைத் திறந்ததில்லை.

பாங்கு தொடங்கியது. விமலன் பாட்டை நிறுத்தினான். முகுந்தன் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே கிடந்த சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்துகொண்டான். தனேஸ்வரி கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, அவனைப் பார்த்து நின்றாள். தீபன் தொடையில் தட்டத் தொடங்கினான்.

நாலு தட்டுக்குள் முகுந்தனுக்குத் தவறு தெரிந்துவிட்டது.

அவள் எல்லாவற்றையும் பக்கம் மாற்றி ஆடினாள். வலக்கை வரவேண்டிய இடத்தில் இடக்கை. வலப்பக்கம் சுற்ற வேண்டிய இடத்தில் இடப்பக்கம். எப்படி என்பதும் அந்தக் கணமே அவனுக்குப் புரிந்தது. எதிரே நின்று எடுத்த வீடியோவில் பக்கம் மாறித் தெரியும், அதனால் திருப்பிப் போட்டுத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ஆடுகிற பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. அவளும் அப்படித்தான் கற்றிருக்கிறாள். ஆனால் கண்மணி பதிந்தது முன்பக்கக் கேமராவில். அது கண்ணாடி மாதிரி. ஏற்கெனவே திருப்பிக் காட்டிவிடும். திரும்பியதை இவள் இன்னொரு தடவை திருப்பிவிட்டாள்.

"தங்கச்சி, பக்கம் மாத்திப் போடு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு நாளில் சரியாகிவிடும். முகுந்தன் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

எதிரே கண்மணி ஆடிக்கொண்டிருந்தாள். மேடையில் ஊர் பார்த்த கண்மணி இல்லை. இத்தனை வருடம் இந்தக் கண்ணாடிக்குள் அவன் பார்த்த கண்மணி. கை அதே பக்கம் எழுந்தது. தலை அதே பக்கம் சாய்ந்தது. சுற்றி வந்து நிற்கும்போது தோள் ஒன்று கொஞ்சம் பிந்தி நிற்குமே, அதுகூட வீடியோவிலிருந்து அப்படியே வந்திருந்தது.

பாங்கு முடிந்தது. தீபன் தட்டுவதை நிறுத்தினான்.

"ஏ லூசு, எல்லாம் ஆப்போசிட் லா" என்று விமலன் சிரித்தான். "கண்ணாடிக்குள்ளேருந்து எந்திரிச்சி வந்த மாதிரி ஆடுற."

தனேஸ்வரியின் முகம் சுருங்கியது. "வீடியோவுல அப்படித்தானே…"

"அது சரிதான்" என்றான் முகுந்தன்.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

"நான்தான் மாத்துனேன். ஷா ஆலாம் மேடையில உள்ள வர்ற வழி அந்தப் பக்கம். நாம எல்லாரும் பக்கம் மாத்தணும். நாளையிலேருந்து."

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவனுக்கே தெரியாது. நன்றாக யோசித்து வைத்திருந்ததுபோல வந்தது. கண்மணி போனதிலிருந்து முகுந்தனை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. அவன் தப்பான பக்கம் போகச் சொன்னாலும் போய்விட்டு வருவார்கள். அது மரியாதையா பரிதாபமா என்று அவன் பிரித்துப் பார்த்ததில்லை. அன்றைக்கு அது அவனுக்கு உதவியாக இருந்தது.

பக்கம் மாற்றி ஆடுவது வெளியிலிருந்து பார்க்கிறவருக்குச் சின்ன விஷயம். ஆடுகிற உடம்புக்கு அது இடக்கையால் சோறு தின்னுகிற மாதிரி. இரண்டு வருடம் பழகிய கால் தானாகப் பழைய பக்கமே போகும். ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். வேலை முடிந்து களைத்து வந்தவர்கள் சுள்ளென்று எரிந்து விழுந்தார்கள். விமலன் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தன் வலது கட்டைவிரலில் 'இடது' என்று எழுதிக்கொண்டான். "இப்பத் தெரியும் பாரு" என்றவன் அடுத்த சுற்றிலேயே தூணில் இடித்துக்கொண்டான்.

முகுந்தன் அவர்களோடு வரிசையில் நிற்பதை விட்டுவிட்டான். மாற்றியது சரியாக வருகிறதா என்று முன்னாலிருந்து பார்க்க வேண்டும் என்றான். சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்து, வரிசையைக் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிற்க வைத்தான். மேடையில் கண்ணாடி இருக்காது, இப்போதே பழகுங்கள் என்றான். அது கேட்க நியாயமாகவே இருந்தது.

அந்தப் பெண்ணின் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. மறுநாள் சந்தையில் எதிரே வந்திருந்தால் அடையாளம் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். அவன் பார்த்ததெல்லாம் கை போகிற பக்கம், தலை சாய்கிற பக்கம், பிந்தி நிற்கிற அந்தத் தோள். அந்த வாரம் அவன் வீட்டில் சோறாக்கினான். பல மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. குழம்பில் உப்புக் கூடிப்போனது. ஆனாலும் தட்டைக் காலி செய்தான்.

கஷ்டமெல்லாம் தீபனுக்குத்தான். பத்தொன்பது வயது, டயர் கடையில் வேலை. ஆட்டத்தின் நடுவில் ஒற்றைக் கையை ஊன்றித் தலைகீழாக நின்று கால்களை வளைத்து அப்படியே உறைந்து நிற்பான். அதற்குப் பெயர் ஃப்ரீஸ். உடம்புக்கும் தரைக்கும் நடுவே ஒரு வாசல் மாதிரி இடம் திறக்கும். கண்மணி அதற்குள் புகுந்து வெளியே வருவாள். சனங்கள் கைதட்டுவது அங்கேதான். அவன் வலக்கையில் நின்றால் வாசல் ஒரு பக்கம் திறக்கும். தனேஸ்வரி வருவது மறுபக்கம். அவளுக்குத் திறக்க வேண்டுமானால் அவன் இடக்கையில் நிற்க வேண்டும்.

"அண்ணே, இடது கை நிக்க மாட்டேங்குது" என்று முதல் நாளே சொன்னான்.

"பழகிரும்."

"டயர் கழட்டுறதெல்லாம் வலது கைதாண்ணே. இது சும்மா கூட வர்ற கை." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். "என்னோடத மட்டும் பழைய பக்கம் வச்சிக்கலாமா? தனேஸ் சுத்தி வரட்டும்."

"சுத்தி வந்தா கவுண்ட் பத்தாது, தீபன்."

பத்தியிருக்கும். முகுந்தனுக்கு அது தெரியும். ஆனால் அவள் சுற்றி வந்தால் அவளுடைய அடுத்த அடி மாறும். அடுத்த அடி மாறினால் அது கண்ணாடியில் பார்த்தது ஆகாது.

தீபன் தொடர்ந்து பழகினான். மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தான். ஒருநாள் அவன் தண்ணீர்ப் போத்தலை இடக்கையால் பிடிக்காமல் முட்டிகளுக்கு நடுவே இடுக்கி மூடியைத் திறந்தான். முகுந்தன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை" என்றான்.

அந்த இன்னொரு தடவையில் கை மடங்கியது. அஞ்சடித் தரை வழவழப்பான கல். கீழே விழுந்தவன் கத்தவில்லை. கையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தான். உதடு வெளுத்திருந்தது. அவன் காலுக்கடியில் புகுந்துகொண்டிருந்த தனேஸ்வரி அப்படியே மண்டியிட்டு நின்றாள்.

மணிக்கட்டு எலும்பில் விரிசல். மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் கை அசையக் கூடாது. டயர் கடைக்காரர் நல்ல மனிதர்தான். இருந்தாலும் ஒற்றைக் கை ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வார். குணமான பிறகு வந்து பார் என்றார். தீபனின் அம்மா முகுந்தனுக்குப் போன் செய்தார். திட்டவில்லை. "ஷா ஆலாமுக்குப் போறோம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தான், தம்பி" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தனேஸ்வரி முகுந்தன் வீட்டுக்கு வந்தாள். விமலன் அவளை மோட்டாரில் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலுக்கு வெளியே நிழலில் நின்றுகொண்டான். அவள் கையில் முட்டி உறைகள் இரண்டு இருந்தன. கண்மணியுடையவை. பழகுவதற்காக முகுந்தன் கொடுத்திருந்தான்.

"இதக் குடுக்க வந்தேன். நான் இனி ஆட வரலண்ணே."

"ஏன்?"

அவள் சுவரைப் பார்த்தாள். அங்கே கண்மணியின் படம், மாலையோடு. கல்யாணத்தன்று எடுத்தது. தனேஸ்வரி நேரம் எடுத்துப் பார்த்தாள். பிறகு தொலைபேசியை எடுத்து எதையோ திறந்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"அண்ணே, அக்கா மூக்குத்தி எந்தப் பக்கம்?"

"வலது."

"வீடியோவுல இடது பக்கம் இருக்கு."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே விமலன் யாரிடமோ போனில் ஐஸ் விலை பேசிக்கொண்டிருந்தான்.

அவள் மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள். "அப்ப இது திருப்பித்தான் எடுத்திருக்காங்க. நான் மறுபடி திருப்பிட்டேன். நான் தப்பாக் கத்துக்கிட்டேன்." தொலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள். "மேடையில வழி அந்தப் பக்கம்னு நீங்க சொன்னது எனக்காகத்தானே. எல்லார் முன்னாலயும் எனக்கு அசிங்கமாப் போயிரக் கூடாதுன்னு."

முகுந்தன் படத்து மாலையைச் சரிசெய்தான்.

"எனக்காக எல்லாரையும் மாத்துனீங்க. அதனாலதான் தீபன் கை போச்சு." அவளுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "நாளைக்கு நானே வந்து எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போயிடுறேன். நீங்க என்னைக் காப்பாத்தத்தான் பண்ணீங்கன்னு சொல்றேன். உங்க மேல ஒண்ணும் வராது."

இப்போது சொல்லியிருக்கலாம். இல்லை தங்கச்சி, விஷயம் அது இல்லை என்று. அவன் எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"குடி."

குடித்தாள். குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். முட்டி உறைகள் நாற்காலியில் கிடந்தன.

அன்று முழுவதும் அவன் அந்த நாற்காலியைச் சுற்றிச் சுற்றி நடந்தான். யோசிக்க அதில் பெரிதாக ஒன்றுமில்லை. அவள் சொல்வாள், எல்லாரும் நம்புவார்கள். புதுப் பெண், தெரியாமல் செய்துவிட்டாள் என்று விமலனே மன்னித்துவிடுவான். முகுந்தன் அண்ணன் எவ்வளவு பெரிய மனசு, தன் துக்கத்திலும் சின்னப் பெண்ணின் மானத்தைக் காப்பாற்றினார் என்பார்கள். தீபன்கூட அப்படித்தான் நினைப்பான். அவள் மட்டும் தீபனின் கையை வாழ்நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிவாள். தான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வாயைத் திறக்காமல் இருப்பது அவனுக்குப் பழகிப்போன காரியம்.

மறுநாள் சாயங்காலம் எல்லாரும் வந்திருந்தார்கள். தீபனும் வந்திருந்தான். மாவுக்கட்டில் விமலன் ஒரு டயர் படம் வரைந்து, 'காற்று இறங்கிவிட்டது' என்று எழுதியிருந்தான். தனேஸ்வரி ஓரமாக நின்றாள். பாங்கு தொடங்கியதும் விமலன் பாட்டை நிறுத்தினான். அவள் முன்னால் வந்தாள்.

"எல்லார்கிட்டயும் ஒண்ணு சொல்லணும்" என்றாள். குரல் எழும்பவில்லை. "நான் வந்தப்ப…"

"நான் சொல்றேன்" என்றான் முகுந்தன்.

அவன் சிமெண்டுக் கட்டையிலிருந்து எழுந்து அஞ்சடிக்கு ஏறினான். கண்ணாடியில் அவர்கள் எல்லாரும் தெரிந்தார்கள். அவன் அதைப் பார்க்காமல் தீபனைப் பார்த்துச் சொன்னான்.

"தனேஸ் வீடியோவத் தப்பாத் திருப்பிக் கத்துக்கிச்சு. அது தெரியாம நடந்தது. மொத நாளே எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். நான் சொல்லல. மேடை வழி அந்தப் பக்கம்னு சொன்னது பொய். ஷா ஆலாம் மேடைய நான் இன்னும் பார்க்கவே இல்ல."

விமலன் தனேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தான்.

"அதோட மானத்தக் காப்பாத்தச் செஞ்சேன்னு அது நினைச்சிட்டிருக்கு. அதுவும் இல்ல."

"பின்ன ஏண்ணே?" என்றான் தீபன்.

முகுந்தன் கல்லூரியில் படித்தவன், வார்த்தைக்குப் பஞ்சமில்லாதவன்தான். இருந்தும் கிடைத்தது ஒன்றே ஒன்று.

"அப்படி ஆடுறப்ப கண்மணி மாதிரி இருந்துச்சு. நான் இந்தக் கண்ணாடியில பார்த்த மாதிரி."

பாங்கு முடிந்திருந்தது. பாட்டைப் போட யாரும் போகவில்லை. சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று போனது.

தனேஸ்வரி இரண்டு அடி பின்னால் போனாள். தன் கைகளையே பார்த்தாள். அந்தக் கைகள் இத்தனை நாளும் வேறு யாருடையதாகவோ இருந்திருக்கின்றன என்று இப்போதுதான் தெரிந்ததுபோல அவற்றைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். முகுந்தனால் அதைப் பார்க்க முடியவில்லை.

விமலன் எதையும் வேடிக்கையாகச் சொல்கிறவன். அன்று தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"அண்ணே, ஷா ஆலாமுக்கு நீங்க ஆட வேணாம்."

"சரி."

"கோவத்துல சொல்லல."

"கோவத்துலயே சொல்லு."

"கோவந்தாண்ணே" என்றான் விமலன். "என் தங்கச்சிய நீங்க என்னான்னு பார்த்துட்டிருந்தீங்கன்னு எனக்கு இப்ப ஒண்ணுமே புரியல. புரிஞ்சாலும் புடிக்காது." சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். "அக்காவுக்கு நாங்களும் அழுதோம். உங்களுக்குத் தெரியுமா தெரியல."

முகுந்தனுக்குத் தெரியாது. அவன் யார் அழுததையும் பார்த்திருக்கவில்லை.

அன்றே அவர்கள் பழைய பக்கத்துக்குத் திரும்பினார்கள். தனேஸ்வரி போகவில்லை. போகிறேன் என்றவளைத் தீபன்தான் நிறுத்தினான். "நீயும் போயிட்டா என் கை சும்மா ஒடஞ்சதா ஆயிரும்." தீபன் இடத்தை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. காலியாக விடலாம் என்றான் ஒருவன். அதற்கும் தீபன்தான் பதில் சொன்னான்.

"என் எடத்த ஓட்டையா விடாதீங்க லா. நான் இன்னும் சாகல."

முதலில் யாரும் சிரிக்கவில்லை. விமலன்தான் தொடங்கினான். முகுந்தன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனை வரைக்கும் வந்துவிட்டான். சிரிப்பு அதுவரை கேட்டது.

ஷா ஆலாம் மண்டபத்தில் குளிர்சாதனம் எலும்பைத் துளைத்தது. முகுந்தன் போகலாமா வேண்டாமா என்று காலைவரை முடிவெடுக்கவில்லை. தீபனால் ஒற்றைக் கையால் மோட்டார் ஓட்ட முடியாது, மற்றவர்கள் எல்லாரும் வேனில் விடியற்காலையே போய்விட்டார்கள், அவனைக் கூட்டிப் போக ஆள் வேண்டும். அதனால் போனான். புஞ்சாக் ஆலாம் தாண்டும்போது மழை பிடித்தது. பாலத்துக்கடியில் ஒதுங்கி நின்றபோது தீபன் மாவுக்கட்டை நெகிழிப்பையால் மூடிக்கொண்டான். முகுந்தன் முடிச்சுப் போட்டுவிட்டான்.

பார்வையாளர் வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சிம்பாங் குழுவின் பெயர் கூப்பிட்டார்கள். ஐந்து பேர் வந்து நின்றார்கள். நடுவில் இடைவெளி இல்லாமல் நெருங்கி நின்றார்கள். தனேஸ்வரியின் முட்டியில் புது உறைகள், கடையில் வாங்கியவை.

பாட்டு தொடங்கியது.

மேடையில் சிம்பாங் ஆடுவதை முகுந்தன் கீழே உட்கார்ந்து பார்த்ததில்லை. எப்போதும் அவன் அந்த வரிசைக்குள்ளேயே இருந்தான். இப்போது எல்லாம் பக்கம் மாறித் தெரிந்தது. கை எழும் என்று அவன் கண் காத்திருந்த இடத்தில் எழவில்லை. மறுபக்கம் எழுந்தது. தலையும் மறுபக்கம் சாய்ந்தது. சுற்றி வந்து நின்றபோது, தோள் ஒன்று பிந்தி நின்றது. அது மட்டும் அவனுக்குத் தெரிந்த தோள். ஆனால் அதுவும் இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை.

விமலன் ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, தீபனின் ஃப்ரீஸை முடிந்த மட்டும் செய்தான். அழகாக இல்லை. வாசல் திறந்தது. தனேஸ்வரி புகுந்து வெளியே வந்தாள். சனங்கள் கைதட்டினார்கள்.

"நான் க்ரூவுல சேர்றதுக்கு முன்னாடி உங்கள சுங்கை புரோங் அறுவடை விழாவுல பார்த்தேன்" என்றான் தீபன், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கீழ நின்னு. அக்கா இப்படித்தான் இருந்தாங்க. அச்சு அசலா இப்படி."

"ம்."

"உங்களுக்குத் தெரியலையாண்ணே?"

முகுந்தன் பார்த்தான். ஊர் முழுக்கப் பார்த்த கண்மணி இவள்தான். அறுவடை விழாவில், திருவிழா மேடைகளில், கோலசிலாங்கூர்த் திடலில், நூறு நூறு பேர் நின்று பார்த்தது இவளைத்தான். அவன் ஒருவன்தான் பார்த்ததில்லை. இப்போது பார்க்கக் கிடைத்திருக்கிறது. கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, எப்படியெப்படியோ பார்த்தான்.

"இல்ல" என்றான்.

தீபன் திரும்பி அவனை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் தன் தண்ணீர்ப் போத்தலை அவன் மடியில் வைத்தான். முகுந்தன் மூடியைத் திறந்து கொடுத்தான். மேடையில் யாரோ ஒரு பெண் மிக நன்றாக ஆடிக்கொண்டிருந்தாள்.